கொர்கைரா ஏன் பகைத்தது?

யாழ்ப்பாணம்
12.02.1986

அன்புள்ள அக்கா,

நீங்களும் அத்தானும் அந்தக் குளிருக்குள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இஞ்சை நானும் கிரிஜாவும் சுகம். அம்மாள் வருத்தத்தின் கொப்புளத் தழும்பு அவளுக்கு நெற்றியில் ஒன்றுதான் மிச்சம். பயணத்துக்கு நாள் வைத்த கிழமை பார்த்து அந்த வருத்தம் வராமல் இருந்திருந்தால் அவளும் இப்ப உங்களோடைதான் இருந்திருப்பாள். உங்கட நாலு வயது மகளுக்கு வாய் காது வரைக்கும். நீங்கள் யோசிக்காதையுங்கோ.

இது தபாலில் வராது. தம்பித்துரை அண்ணை ஜேர்மனிக்கு வெளிக்கிடுகிறார், அவற்றை கையில் குடுத்துவிடுகிறேன். உங்கட போன கடிதத்தை ஆரோ வெட்டி வாசித்துப் பசை பூசி அனுப்பியிருக்கினம். வாசிக்கத் தெரிந்த ஆளுக்கு ஒட்டத் தெரியவில்லை. ஆமியும் வாசிக்கிறான். இயக்கத்துப் பெடியளுக்கும் ஆர் ஆர் வெளிநாடு போகினம் என்று அறிய ஆசை. அதனால் ஒரு யோசனை. பள்ளிக்கூடத்தில் உங்கட கிரேக்க உரோம நாகரிக வகுப்பை என்னிட்டைத் தந்திருக்கினம். இனி நாங்கள் பாடத்தையே எழுதுவம். பெலொப்பனீசு என்றால் எங்கட குடாநாடு. படத்தைப் பாருங்கோ, அதுவும் ஒரு நூலில் தொங்குது, இதுவும் ஒரு நூலில் தொங்குது. அந்த நூல், கொரிந்துப் பூசந்தி, எங்கட ஆனையிறவு. ஆமி பாரசீகர், பெடியள் ஸ்பாட்டா, வடக்கே இருக்கிற இந்தியா மசிடோனியா. நீங்கள் கடந்து போன கிழக்கு பேர்லின் ஹெலஸ்பொண்ட் நீரிணை. கிரிஜா உங்களிட்டை வாற பயணத்தைக் குடியேற்றக் கப்பல் என்று எழுதுங்கோ.

வாசிக்கிறவன் ரெண்டு விசர் ரீச்சர்மார் என்று நினைத்துக்கொண்டு ஒட்டட்டும்.

அத்தானுக்கும் என் அன்பு.
உங்கள் தங்கச்சி,
மலர்


கெல்சென்கிர்ச்சன்
20.04.1986

அன்புள்ள மலர்,

உன்ரை கடிதம் தம்பித்துரை அண்ணையின்ரை சப்பாத்துக்குள்ளால் வந்து சேர்ந்தது. வெயிலில் காய வைப்பம் என்றால் இஞ்சை வெயிலும் இல்லை. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் வைத்தியம் இல்லை.

உன்ரை யோசனை நல்லது. ஹெலஸ்பொண்ட் என்று வைத்தது சரியிலும் சரி. ஒரு கரையில் இறங்கி, நிலத்துக்குக் கீழே ஒரு ஸ்டேசனுக்குள்ளால் நடந்து மற்றக் கரையில் ஏறினால் வேறை உலகம்.

வேறை உலகம் என்று சொன்னனே, அதைக் கேள். ஒரு அறை, மாடி முழுதுக்கும் சேர்த்துச் சமைக்க ஒரு குசினி. அகதி விண்ணப்பம் முடியுமட்டும் இவருக்கும் எனக்கும் வேலை செய்யத் தடை. இந்த ஊர் எல்லையைத் தாண்டுவதென்றால் கந்தோரில் கடதாசி எடுக்க வேணும். என்ன தொழில் என்று கேட்ட உத்தியோகத்தருக்கு, கிரேக்க வரலாறு படிப்பித்தனான் என்றேன். அந்தாள் சிரித்துப்போட்டு, இஞ்சை நிலக்கரிச் சுரங்கத்திலேயே போதுமான கிரேக்கர் இருக்கினம் என்றார். இவரும் பக்கத்திலிருந்து சேர்ந்து சிரித்தார். அண்டைக்கு நான் சமைக்கவில்லை.

சுரங்கத்துக் கிரேக்கரில் ஒருவரின் மனிசியை எனக்குத் தெரியும், டொறத்தி. வேதக்கோயிலில் பழைய உடுப்புப் பிரித்துக் குடுக்கிறவ. எந்த ஊர் என்று கேட்டன். கொர்ஃபு தீவாம். மலர், அது எங்கட பாடத்துக் கொர்கைரா. நான் தாய்நகரம் கொரிந்து, குடியேற்றம், கடற்போர் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் கொட்டினன். அவ என்னைப் பார்த்த பார்வை, காய்ச்சல்காரியைப் பார்க்கிற மாதிரி. அவவுக்குத் தெரிந்த கொர்ஃபுவில் அவவின்ரை தங்கச்சி இருக்கிறா. இஞ்சை வேலைக்கு வரேக்கை மகனை அந்தத் தங்கச்சியிட்டை விட்டவவாம், ஒரு வருசத்துக்கு என்று. பெடியன் மீசை அரும்பினாப் பிறகுதான் வந்து சேர்ந்தவன். ஸ்டேசனில் தாய்க்குக் கை குடுத்தவனாம், சந்தித்ததில் மகிழ்ச்சி என்று.

குடியேற்றக் கப்பல் எப்ப வெளிக்கிடும்? மற்றதெல்லாத்தையும் பிறகு எழுது, இதை முதல் எழுது.

கிரிஜாவின்ரை நெற்றித் தழும்புக்கு என்ரை முத்தம்.
அக்கா


யாழ்ப்பாணம்
28.06.1986

அன்புள்ள அக்கா,

உங்கள் இருவரின் சுகமும் கேட்டு எழுதுகிறேன். நாங்கள் சாப்பிட்டுக் குடித்து இருக்கிறோம்.

வகுப்பில் பாடம் முன்னேறுகிறது. போன மாதம் ஸ்பாட்டா தன்னோடு தோளுக்குத் தோள் நின்ற நேச நகரத்தையே தெருவில் வைத்து எரித்த பகுதியை நடத்தினேன். ஒரு பிள்ளையும் கேள்வி கேட்கவில்லை. எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசந்திக்கு அந்தப் பக்கம் போகிற பாதையில் பாரசீகரின் பாளையங்கள் கூடிவிட்டன. கப்பல் விடக் காற்றுச் சரியில்லை என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது.

கிரிஜா பாலர் வகுப்புக்குப் போகிறாள். வீட்டுக்கு வந்து எனக்கு வகுப்பெடுக்கிறாள். நான் எழும்பி நின்று வணக்கம் ரீச்சர் சொல்ல வேணும்.

உங்களிட்டை ஒரு உதவி. கொர்கைரா தன் தாய்நகரமான கொரிந்தோடு ஏன் பகைத்தது? இதற்கு உங்கட குறிப்பு நல்லது என்று பிள்ளைகள் சொல்லுகினம். எழுதி அனுப்புங்கோ.

அன்புடன்,
மலர்


கெல்சென்கிர்ச்சன்
25.07.1986

மலர்,

சுகம்தானே. நான் சுகமில்லை. இரவு பகல் உன்ரை ஒரு வரியையே வாசித்துக்கொண்டிருக்கிறன்.

கொர்கைரா ஏன் பகைத்தது என்று கேட்டிருக்கிறாய். நீ பாடம் கேட்கிறாயா, எனக்கு ஏதும் சொல்லுகிறாயா? பாடம் என்றால், எழுதிக்கொள். கொரிந்து ஆட்களை அனுப்பி அந்தத் தீவில் குடியேற்றியது. தாய்நகரத்தின் அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துக் குடுத்து அனுப்புவது வழக்கம். குடியேற்றம் வளர்ந்தது. தனக்கென்று கப்பல் வைத்தது. பிறகு திருவிழாக்களில் தாய்நகரத்தாருக்குக் குடுக்க வேண்டிய முதல் மரியாதையை நிறுத்தியது. தனக்குத் தாய் தேவையில்லை என்று சொல்லி ஏதென்சோடு சேர்ந்து தாயின் கப்பல்களை எதிர்த்து நின்றது. அந்தச் சண்டைதான் முழுக் கிரேக்கத்தையும் இழுத்து விழுத்தியது. பத்துப் புள்ளிக்கு இவ்வளவு போதும்.

பாடம் இல்லை என்றால், நேரே சொல்லு. அவள் உன்னை என்னவென்று கூப்பிடுகிறாள்?

சரி, அதை விடு. இதைக் கவனமாக வாசி. ஹெலஸ்பொண்டில் கட்டின தோணிப் பாலத்தை அவிழ்க்கப் போகினம் என்று இஞ்சை எல்லாப் பேப்பரிலும் கதை. புரட்டாதி தாண்டாது. அதற்கு முன்னம் கப்பல் வந்து சேரவேணும். காற்றுச் சரியில்லை என்று சாட்டுச் சொல்லாதை. எங்கட ஊர்ப் புஷ்பராணி ஆவணி முடிவில் தன்ரை பிள்ளையோடை வெளிக்கிடுறா. எல்லாம் கதைத்து முடித்தாச்சு. அவ வந்து கிரிஜாவைக் கூட்டிக்கொண்டு போவா. நீ உடுப்பை மடித்து வைத்தால் போதும்.

இவர் பொறு பொறு என்கிறார். பொறுமையை இவர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

அக்கா


கெல்சென்கிர்ச்சன்
14.10.1986

ஜெயமலருக்கு,

சுகம் கேட்டு எழுத என்ரை கைக்கு வருகுதில்லை.

பாடமும் வேண்டாம், கிரேக்கமும் வேண்டாம். வாசிக்கிறவன் வாசிக்கட்டும். கிழக்கு பேர்லின் வழி இந்த மாதத்தோடை அடைத்தாச்சு. விசா இல்லாத ஆரும் இனி அதால் வரேலாது. அடைக்கிறதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் புஷ்பராணி வந்து சேர்ந்தா. நானும் இவரும் கந்தோரில் மன்றாடிக் கடதாசி எடுத்துக்கொண்டு, அவவை வைத்திருந்த ஊருக்குப் போனம். நான் கிரிஜாவுக்கென்று ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லா கொண்டு போனனான். புஷ்பராணியின் கையில் அவவின்ரை பிள்ளை மட்டும்.

மற்றப் பிள்ளை எங்கே என்று கேட்டன். "உங்கட தங்கச்சியிட்டைக் கேளுங்கோ. அக்கா கொஞ்சம் பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறா எண்டு சொல்லித்தானே என்னைத் திருப்பி அனுப்பினவ" என்றா.

நான் எப்ப எழுதினனான்? எந்தக் கடிதத்தில், எந்த வரியில்? உனக்கு என்ரை கடிதம் விளங்கவில்லை என்று மட்டும் சொல்லாதை. ஹெலஸ்பொண்ட் விளங்காதவள் எங்கட வகுப்பில் நின்று படிப்பிக்கக் கூடாது.

என்ரை பிள்ளையை நீ வைத்திருக்கிறாய். பார்க்கிறாய் என்று எழுதவில்லை, வைத்திருக்கிறாய் என்று எழுதுகிறன்.

மங்கையற்கரசி


யாழ்ப்பாணம்
03.12.1986

அக்கா,

சுகம் கேட்காமல் எழுதினீர்கள். நான் கேட்டே எழுதுகிறேன்: சுகமாயிருங்கோ.

உங்கட கடிதம் நேரத்துக்கே வந்தது. விளங்கியது. நான்தான் அனுப்பவில்லை. நீங்கள் பொறுக்கச் சொன்னதாகப் பொய் சொன்னதும் நான்தான். ஏன் என்று இப்ப நீங்கள் கேட்க வேணும்.

புஷ்பராணி அக்கா பின்னேரங்களில் வந்தா. வழியில் கேட்டால் ரெண்டும் தன்ரை பிள்ளைகள் என்று சொல்ல வேணுமாம். அதனால் கிரிஜாவைத் தன்னை அம்மா என்று கூப்பிடப் பழக்கினா. கூப்பிட்டால் ஒரு ரொபி இனிப்பு. நானும் பக்கத்தில் நின்று சொல்லு சொல்லு என்று தூண்டினேன். உங்கட பிள்ளை கெட்டிக்காரி, கெதியில் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் மீன் கொண்டு வந்த மனிசி கேற்றைத் திறந்தா. இவள் ஓடிப்போய் அவவை அம்மா என்று கூப்பிட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த மனிசி பயந்துபோய் என்னைப் பார்த்தா. பிறகு பால்காரி. பிறகு தெருவால் போன ஆரோ.

நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் கப்பல் வெளிக்கிட வேணும். எத்தனை பேரை அம்மா என்று கூப்பிடச் சொல்லி அந்தக் கப்பலில் ஏத்துவது? நீங்களும் அத்தானும் கதைத்து முடித்தீர்கள். இஞ்சை அவளின் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவளிட்டை ஆரும் கதைக்கவில்லை.

அவள் என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நித்திரைக் கலக்கத்தில் மாறிச் சொன்னால் எழுப்பித் திருத்துகிறேன். உங்களைப் படத்து அம்மா என்கிறாள். இப்ப படத்தில் மட்டும் காண்கிறபடியால். கொர்கைரா நான் உங்களுக்குச் சொன்ன குத்துக்கதை இல்லை. அது சோதனையில் வரும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்த கேள்வி. வந்தது. உங்கட குறிப்பை எழுதினவர்கள் நல்லாகச் செய்தார்களாம்.

மலர்


கெல்சென்கிர்ச்சன்
10.02.1987

மலர்,

உங்கை விளக்குக்கு எண்ணெயும் இல்லை என்று கேள்விப்பட்டன். ரெண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடுங்கோ.

உன்ரை கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினன். மீன்காரி வந்த இடத்தில் இவர் எழும்பி வெளியே போயிட்டார். கன நேரம் வரவில்லை. நான் போகவில்லை. நான் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தன். நீ செய்தது சரி என்று நான் எழுத மாட்டன். என்னிட்டைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் அனுப்பு என்றுதான் சொல்லியிருப்பன், அதுக்காக நீ கேட்காமல் விட்டதும் சரியாகாது.

டொறத்தியின் மகன் இந்தக் கிழமை வந்து எங்கட குழாயைத் திருத்தித் தந்தான். நல்ல பெடியன். தாய்க்கு முன்னால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நிற்கிறான். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

இனித் திரும்பப் பாடத்துக்குப் போவம். கப்பலுக்குத் தலைவி நீயே. வேறை ஆரும் வேண்டாம். அவள் பழகின கையைப் பிடித்துக்கொண்டே வரட்டும். பூசந்தி திறக்கிற அண்டைக்கு வெளிக்கிடு. உனக்கு அந்த வகுப்பும் பள்ளிக்கூடமும் பெரிது என்றால் அதையும் இப்பவே எழுது.

அக்கா


யாழ்ப்பாணம்
20.08.1987

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறோம். அதையே சுகம் என்று எழுதப் பழகிவிட்டோம். உங்கள் இருவருக்கும் நோய்நொடி வராதிருக்கட்டும்.

மசிடோனியர் வந்திருக்கினம். மாலை போட்டு வரவேற்றார்கள், நானும் வகுப்புப் பிள்ளைகளோடு தெருவில் போய் நின்றேன். வடக்கிலிருந்து சமாதானம் பேச வந்த மசிடோனியர் பிறகு என்ன செய்தார்கள் என்று எங்களுக்குப் பாடத்தில் இருக்கு. ஆனாலும் நின்றேன். பூசந்தி திறந்திருக்கு, பஸ் ஓடுது.

பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறேன். அதிபருக்குச் சொல்லியாச்சு.

ஒன்று மட்டும். தனிக் குமர்ப்பெண் வேறை ஆரின்ரையோ பிள்ளையோடு வந்தால் விமானத்திலேயே மறிப்பார்களாம். என்ரை பாஸ்போட்டில் அவளை என்ரை மகள் என்று எழுதினால்தான் கொழும்பு தாண்டலாம். மார்கழியில் உங்களுக்கு நான் என்ன எழுதினேன் என்று எனக்கு மறக்கவில்லை. கடதாசியில் நான் அம்மா, நீங்கள் பெரியம்மா. அங்கை வந்தும் அது மாறுமோ தெரியாது. இதை நானாக முடிவெடுக்க மாட்டேன். தந்தி அடியுங்கோ. ஓம் என்றால் மட்டும் வெளிக்கிடுவேன்.

மலர்


தந்தி
கெல்சென்கிர்ச்சன், 05.09.1987

ஓம்.
மங்கை


பவேரியா
22.11.1987

அன்புள்ள அக்கா,

ஒரே நாட்டுக்குள் இருந்து எழுதுகிறேன். நீங்கள் சுகமா? எங்களுக்குக் குளிர்தான் புதுசு. கிரிஜாவுக்கு ஒரு சளி வந்து போய்விட்டது.

உங்கட தந்தியைத் தபால் கந்தோரில் தந்தவர், ஜேர்மனியில் இருந்து ஆரோ மந்திரம் அனுப்பியிருக்கினம் என்று பகிடி விட்டார்.

இனிப் பாடமாக எழுதத் தேவையில்லை. நாங்கள் கொழும்பு தாண்டிக் கொஞ்ச நாளில் இந்தியன் ஆமிக்கும் பெடியளுக்கும் சண்டை தொடங்கியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கட தெருவில் ஷெல் விழுந்ததாம். வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

விமான நிலையத்தில் இறங்கி அகதி என்று சொன்னோம், அங்கிருந்து எங்களை இந்தச் சின்ன ஊருக்கு அனுப்பியிருக்கினம். உங்களிட்டைக் கிட்டத்தில் கேட்டேன், ஏலாது என்றார்கள். விசாரணையில் மொழிபெயர்ப்புக்கு வந்தவர் சுவாமிநாதன் என்று ஒரு மெட்ராஸ்காரர், இஞ்சை யூனிவர்சிற்றியில் படிக்கிறவர். உத்தியோகத்தர் பிள்ளையிடமும் ஒன்று கேட்கச் சொன்னார். இவர் குனிந்து, "உங்க அம்மா யாரு பாப்பா?" என்று கேட்டார்.

கிரிஜா, "எந்த அம்மாவைக் கேக்கிறீங்கள்?" என்றாள்.

சுவாமிநாதன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் உத்தியோகத்தர் பக்கம் திரும்பி ஜேர்மனில் ஒரு வசனம் சொன்னார். பிறகு வெளியே வரேக்கை என்னிட்டை வந்து, "இவங்கதான்னு சொல்லிச்சுன்னு சொல்லிட்டேன். நான் செஞ்சது கரெக்டான்னு எனக்குத் தெரியலை" என்றுவிட்டுப் போனார்.

இப்ப அறைக்குள் ஆளில்லாத நேரத்திலும் அவள் என்னை அம்மா என்கிறாள். வேண்டாம் என்றேன். விட்டால் உங்களைப் பிடித்து அனுப்பிப்போடுவினம் என்கிறாள். ஆறு வயது.

அக்கா, நான் கந்தோருக்குப் போய் உள்ளதைச் சொல்லட்டோ? நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன்.

மலர்


கெல்சென்கிர்ச்சன்
09.12.1987

அன்புள்ள மலர்,

அங்கை ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்யுதோ? செய்யாட்டி அந்த விடுதிக்காரனை நிம்மதியாக இருக்க விடாதை. சளிக்கு மல்லி அவித்துக் குடு. நாங்கள் இருக்கிறம்.

நீ கேட்டதுக்கு மறுமொழி: போகாதை. உள்ளதைச் சொன்னால் உன்னைப் பொய்க்காரி என்று எழுதி அந்தச் சண்டைக்குள் திருப்பி அனுப்புவாங்கள். என்னையும் உள்ளே இழுப்பாங்கள். பிள்ளையை எங்கே வைப்பாங்கள் என்று அவங்களுக்கே தெரியாது. கடதாசி கடதாசியாகக் கிடக்கட்டும்.

உங்களைப் பார்க்க வாறதுக்கு அனுமதி கேட்டு ஒரு அந்த்ராக், விண்ணப்பக் கடதாசி, குடுக்கப் போனன். அதில் ஒரு கோடு விட்டிருக்கு: பார்க்கப் போகிறவரோடு என்ன உறவு. பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றன். பின்னுக்கு வரிசை முணுமுணுக்கத் தொடங்கிட்டுது. இவர் என்ரை காதுக்குள், எழுதும், எழுதிப்போட்டு வாரும் என்றார். அந்த இடத்தில் எனக்கு ஏதென்சின் மேல் வந்த கோபம், மலர், இவர் மேலும் வரவில்லை, அந்த உத்தியோகத்தர் மேலும் வரவில்லை. ஏதென்சில் வந்து குடியிருந்த வெளியாரை நினைத்துப் பார். பிறந்தாலும் செத்தாலும் வெளியார். வரி கட்டலாம், படைக்குப் போகலாம், காணி வாங்கேலாது, வாக்கில்லை. தாய் தகப்பன் ரெண்டு பேரும் ஏதென்சார் என்று காட்டினால்தான் பிள்ளை அந்த ஊர்ப் பிள்ளை. இதை நான் எப்படிப் படிப்பித்தன் தெரியுமோ? ஏதென்சின் சனநாயகச் சிறப்புகள் என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக் குடுத்து, மணி அடிக்கேக்கை, சில குறைபாடுகளும் இருந்தன என்று ஒரு வரி. பிள்ளைகள் அப்படியே பாடமாக்கினவை. நானே புள்ளி போட்டனான். அந்தச் சில குறைபாட்டுக்குள்ளைதான் இப்ப நாங்கள் எல்லாரும் குடியிருக்கிறம்.

எழுதினன். தங்கச்சி, தங்கச்சியின் மகள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டன்.

அனுமதி வந்திட்டுது, தையில். முடிந்தவுடனே அடுத்ததுக்குக் குடுப்பன். அதுக்கு அடுத்ததுக்கும் குடுப்பன். என்ரை முகத்தைக் கண்டால் அந்தாள் கதிரையை விட்டு எழும்பி ஓட வேணும்.

உன்னோடை கோபம் தீர்ந்திட்டுது என்று நினைத்துக்கொண்டிருக்காதை. வந்து குசினிக் கதவைப் பூட்டிப்போட்டு ஆறுதலாகச் சண்டை பிடிப்பம். நீயும் மிச்சம் வைத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறன். நான் வாறதுக்குள் அவளுக்கு ஒன்றும் சொல்லிப் பழக்காதை. இவதான் அவ, இப்படிக் கூப்பிடு, ஓடிப்போய்க் கட்டிப்பிடி என்று ஒன்றும் வேண்டாம். நான் பக்கத்தில் இருந்து என்ரை வாயால் சொல்லுறன். நம்புறதோ விடுறதோ அவளின்ரை பாடு. என்னை என்னவென்று கூப்பிடுறது என்பதையும் அவளே பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றும் கூப்பிடாமல் விட்டாலும் அனுமதி முடியுமட்டும் நான் பக்கத்தில் இருப்பன்.

ஸ்டேசனுக்கு வராதையுங்கோ. இவர் வழி கேட்டுக் கூட்டிக்கொண்டு வருவார். கதவில் தட்டுறன். நீ எழும்பாதை. அவள் வந்து திறக்கட்டும்.

அக்கா